முகம் தொடும் கையைத் தடுக்கும் பதக்கமும் பட்டையும்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குதல்

கை முகத்தை நெருங்கும்போது அதிர்ந்து உணர்த்தும் கருவிகள் கொரோனா பரவிய 2020-இல் பலருக்கும் அறிமுகமாயின. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் 'பல்ஸ்' என்ற கழுத்துப் பதக்கத்தை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வரைபடங்களை வெளியிட்டது. சியாட்டிலில் 'இம்யூடச்' என்ற மணிக்கட்டுப் பட்டை விற்பனைக்கு வந்தது. முடியைப் பிடுங்கும் பழக்கமும் தோலைக் கிள்ளும் பழக்கமும் உள்ளவர்களுக்காக இத்தகைய பட்டைகள் அதற்கு முன்பே இருந்தன. முகப்பருவைக் கிள்ளாமல் இருக்கவும், கண் அறுவை முடிந்தபின் கண்ணைக் கசக்காமல் இருக்கவும் இன்றும் இவை உதவும்.

வீட்டில் செய்யும் கருவிகள் பெரும்பாலும் இரண்டே அமைப்பில் வருகின்றன. பதக்கத்தில் விஎல்53எல்0எக்ஸ் என்ற லேசர் தூர சென்சார் இருக்கும். பட்டையில் சாய்வையும் அசைவையும் அளக்கும் எம்பியு-6050 என்ற முடுக்கமானி இருக்கும். மற்றவை இரண்டிலும் ஒன்றுதான்: நிரலை ஓட்டும் சிறு பலகையான 3.3 வோல்ட் ஆர்டுயினோ ப்ரோ மினி, 10 மி.மீ. நாணய வடிவ அதிர்வு மோட்டார், 150 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, டிபி4056 சார்ஜர் பலகை. கீழே உள்ள எண்கள் இந்த அமைப்புக்கானவை. சோதிக்க ஒரு மல்டிமீட்டரும் கணினியோடு இணைக்கும் சீரியல் பலகையும் போதும்.

எதைத் திருத்தினாலும் நோக்கம் ஒன்றுதான். விரல் தோலில் படும் முன்பே அதிர வேண்டும், வேண்டாத நேரத்தில் அதிரக் கூடாது. பட்டபின் அதிரும் கருவியால் பயனில்லை. வேண்டாதபோதெல்லாம் அதிரும் கருவியை அணிந்தவர் இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவார்.

சுவிட்சைப் போட்டால் எதுவுமே நடக்கவில்லை

முதலில் பேட்டரியின் முனைகளில் வோல்ட் பாருங்கள். 3.5-க்கு மேல் இருந்தால் பேட்டரியில் குறையில்லை. பூஜ்யம் காட்டினால் உடனே பேட்டரியைத் தூக்கிப் போட வேண்டாம். சால்டர் வைக்கும்போது ஒரு கணம் ஷார்ட் ஆகியிருந்தால், பேட்டரியோடு ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். சார்ஜரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் அது மறுபடி திறந்துகொள்ளும்.

பேட்டரி சரியாக இருந்தும் பலகைக்கு உயிர் வரவில்லையென்றால் ஒயர் எந்த முனையில் போயிருக்கிறது என்று பாருங்கள். பேட்டரியின் நேர்முனை 'ரா' என்ற முனைக்குப் போக வேண்டும். 'விசிசி' முனையில் கொடுத்தால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரைத் தாண்டி 4.2 வோல்ட் நேரடியாகச் சென்சார் வரை போய்விடும்.

சென்சார் கிடைக்கவில்லை என்கிறது, அல்லது விசித்திரமான எண் காட்டுகிறது

பலகையும் சென்சாரும் எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரு ஒயர்களில் பேசிக்கொள்ளும் முறைக்கு ஐ2சி என்று பெயர். ஐ2சி முகவரி தேடும் சிறு நிரலை ஓட்டுங்கள். தூர சென்சார் ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 29-இலும் முடுக்கமானி ஹெக்ஸ் 68-இலும் பதில் சொல்ல வேண்டும். பதிலே இல்லையென்றால் எஸ்டிஏ, எஸ்சிஎல் ஒயர்கள் இடம் மாறியிருக்கும். ப்ரோ மினியில் அவை ஏ4, ஏ5 முனைகள். பலகையின் ஓரத்தில் இல்லாமல் உட்பக்கம் தனியாக இருப்பதால் அங்கே சால்டர் சரியாகப் பிடிக்காமல் போவது அடிக்கடி நடக்கும்.

முடுக்கமானி முகவரி காட்டுகிறது, ஆனால் மூன்று அச்சிலும் பூஜ்யமே வருகிறது என்றால் அது இன்னும் தூங்குகிறது. இந்தச் சில்லு மின்சாரம் வந்ததும் தூக்க நிலையில்தான் தொடங்கும். ஹெக்ஸ் 6பி என்ற பதிவேட்டில் பூஜ்யம் எழுதி எழுப்ப வேண்டும். சில மலிவுப் பலகைகளில் எம்பியு-6500 சில்லு இருக்கும். அது தன் அடையாள எண்ணாக ஹெக்ஸ் 70 சொல்வதால் நூலகம் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு அதை நிராகரிக்கும். அடையாளச் சோதனை வரியை நீக்கிவிட்டால் மற்றபடி வேலை செய்யும்.

தூர சென்சார் 8190 என்று காட்டுவது கோளாறே அல்ல. எதிரே எதுவும் இல்லை என்பதற்கு அது சொல்லும் பதில் அது. 65535 வந்தால்தான் சென்சார் நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்று பொருள், ஒயரைப் பாருங்கள். எப்போதும் 2, 3 செ.மீ. காட்டினால் சென்சாரின் முகத்தில் ஒட்டிவரும் பாதுகாப்பு மென்தாளை உரிக்காமல் விட்டிருப்பீர்கள். உரித்த பிறகும் அப்படியே இருந்தால் மூடியில் ஒட்டிய கண்ணாடித் தகடுதான் காரணம். லேசர் ஒளி தகட்டின் உட்புறத்தில் பட்டுத் திரும்பி நேரே சென்சாருக்குள் விழுகிறது. தகட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடக்கூட இது மோசமாகும். தகட்டை எடுத்துவிட்டு வெறும் துளையாக விடுவதே நல்லது. வாரம் ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். வியர்வை உப்பும் முகப் பவுடரும் படிந்தாலும் இதே தொல்லை வரும்.

அதிரத் தொடங்கியதும் கருவி அணைந்து மறுபடி தொடங்குகிறது

மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைவிட அதிகம். அந்தக் கணத்தில் வோல்ட் சரிகிறது. 2.7-க்குக் கீழே போனால் ப்ரோ மினி தன்னைத்தானே மீட்டமைத்துக்கொள்ளும்.

சிஆர்2032 பட்டன் பேட்டரியில் ஓட்டுபவர்களுக்கு இது தவிர்க்க முடியாதது. அந்த பேட்டரியின் உள்தடை அதிகம், 80 மில்லிஆம்பியர் கேட்டால் கொடுக்காது. லித்தியம் பாலிமருக்கு மாறுங்கள். ஏற்கெனவே அதுதான் இருக்கிறதென்றால் மோட்டாரின் நேர்முனை எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது பேட்டரியிலிருந்து நேரடியாக வர வேண்டும், பலகையின் 3.3 வோல்ட் முனையிலிருந்து வரக் கூடாது. பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டால் சரிவு குறையும்.

மோட்டாரை ப்ரோ மினியின் முனையில் நேரடியாக இணைத்திருந்தால் உடனே கழற்றுங்கள். அந்த முனையின் உச்ச எல்லையே 40 மில்லிஆம்பியர்தான். 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்று வேண்டும். மோட்டாரின் எதிர்முனை கலெக்டருக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, பேஸுக்கு 330 ஓம் வழியாக ப்ரோ மினியின் முனை. மோட்டாருக்குக் குறுக்கே 1என்4148 டயோடு, அதன் கோடு போட்ட பக்கம் பேட்டரியின் நேர்முனையை நோக்கி. டயோடைத் திருப்பிப் போட்டால் மோட்டார் சுழலாமல் டிரான்சிஸ்டர் சுடும்.

அதிர்வு மிகவும் மெல்லியது

பேஸில் 330 ஓமுக்குப் பதில் 10 கிலோஓம் போட்டிருந்தால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்காது. பிசி547 போட்டிருந்தால் அதன் எல்லையே 100 மில்லிஆம்பியர், மாற்றிவிடுங்கள். மின்சாரம் சரியாக இருந்தும் உணர முடியவில்லையென்றால் மோட்டார் பஞ்சின் மேல் மிதக்கிறது. உடலில் படும் பின்மூடியின் உட்புறத்தில் அதை நேராக ஒட்ட வேண்டும். மோட்டாரின் ஒயர்கள் தலைமுடி போல மெல்லியவை, சால்டர் வைத்த இடத்தில் ஒடியும். அங்கே ஒரு சொட்டு சிலிக்கான் பசை வையுங்கள்.

தொடங்கிய அதிர்வு நிற்கவே இல்லை

பட்டையில் இது வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: மோட்டாரின் அதிர்வை முடுக்கமானியே அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் மறுபடி அதிர்கிறது, அது மறுபடி அளவில் விழுகிறது. மோட்டார் ஓடும் நேரத்திலும் அது நின்றபின் 200 மில்லிவினாடி வரையிலும் வரும் அளவுகளை நிரல் எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்சார் பலகையை 2 மி.மீ. பஞ்சு நாடாவில் ஒட்டி, மோட்டாரைப் பின்மூடியில் ஒட்டினால் இரண்டும் பிரிந்துவிடும்.

பதக்கத்தில் வந்தால், எதிரே ஏதோ நிலையாக நிற்கிறது என்று பொருள். துப்பட்டா, சேலைத் தலைப்பு, தோளில் போட்ட துண்டு, அல்லது குனிந்து போன் பார்க்கும்போது வந்து நிற்கும் மோவாய். 'தூரம் 25 செ.மீ.க்குக் கீழே என்றால் அதிர்' என்று ஒற்றை வரி எழுதியவர்கள் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். கை என்பது வந்து போவது, நிற்பதல்ல. ஆகவே 30 செ.மீ.க்கு மேல் இருந்த அளவு 300 மில்லிவினாடிக்குள் 25-க்குக் கீழே இறங்கினால் மட்டும் ஒருமுறை அதிரட்டும். பிறகு அளவு மறுபடி 30-க்கு மேல் போகும்வரை பேசாமல் இருக்கட்டும். 3 செ.மீ.க்குக் குறைவானதைத் துணி என்று கொண்டு விட்டுவிடலாம். ஆனால் துணி மூடியிருக்கும்வரை பதக்கம் குருடு என்பதை அணிபவர் அறிந்திருக்க வேண்டும். உடைக்கு மேலே தொங்கவிடுங்கள்.

அதிர்கிறது, ஆனால் கை முகத்தில் பட்ட பிறகு

இந்தக் கோளாறைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அதிர்வு வருகிறதே, கருவி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்தால் கடைசி 25 செ.மீ.யைக் கடக்க 250 மில்லிவினாடிதான் ஆகும். அதற்குள் சென்சார் அளந்து, நிரல் முடிவெடுத்து, மோட்டார் சுழன்று, தோலில் உணர்ந்து, கையும் நிற்க வேண்டும். மோட்டார் முழு வேகம் பிடிக்கவே 50 முதல் 100 மில்லிவினாடி போய்விடும். மிச்சமிருப்பதில் உங்கள் நிரல் எதையும் வீணாக்கக் கூடாது.

நேரம் வீணாகும் இடங்கள் மூன்று. முதலாவது, சுழற்சியின் கடைசியில் மாதிரி நிரலிலிருந்து அப்படியே வந்த 100 அல்லது 200 மில்லிவினாடி தாமத வரி. அதை நீக்குங்கள். இரண்டாவது, சீரியல் வழியாக எண்களை அச்சிடும் வரிகள். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிவினாடி ஆகும். 40 எழுத்துள்ள வரிகளை விடாமல் அச்சிட்டால் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிவினாடி தொலையும். சோதனை முடிந்ததும் அவற்றை அடைத்துவிடுங்கள். மூன்றாவது, பட்டையில் போடும் மென்மையாக்கும் வடிகட்டி. வினாடிக்கு 50 அளவுகள் எடுத்து, புதிய அளவுக்கு 0.1 பங்கு மட்டும் கொடுத்தால் வடிகட்டி மட்டுமே 0.18 வினாடி பின்தங்கும். 0.3 பங்கு கொடுத்தால் 0.05 வினாடிக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் நடுங்கும் அளவு, தாமதமான அளவைவிட மேல்.

தூர சென்சாரில் ஓர் அளவுக்கு 33 மில்லிவினாடி இயல்பான அமைப்பு. 20 வரை குறைக்கலாம், ஆனால் அளவு சற்று ஆடும். 33-இலேயே விட்டுவிட்டு நிரலைச் சுத்தம் செய்வது நல்லது. நீண்ட தூர முறையைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பதக்கத்துக்கு 30 செ.மீ. தாண்டி எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வேண்டாதபோது அதிர்கிறது

பதக்கம் எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்று முதலில் கவனியுங்கள். இந்த சென்சாரின் பார்வை 25 டிகிரி அகலமுள்ள கூம்பு, 20 செ.மீ. தள்ளி அதன் குறுக்களவு சுமார் 9 செ.மீ. நேராக மேலே பார்த்தால் மோவாய் எப்போதும் அதில் விழும். நேராக முன்னால் பார்த்தால் விசைப்பலகையில் இருக்கும் கையும் மேசையும் விழும். செங்குத்திலிருந்து 35 டிகிரி முன்னால் சாய்த்தால் முகத்துக்கு முன்னுள்ள வெளி மட்டும் பார்வையில் இருக்கும். ஒற்றை வளையத்தில் தொங்கும் பதக்கம் நடக்கும்போது திரும்பிக்கொள்ளும். மேல் இரு மூலைகளிலும் துளையிட்டுக் கயிற்றை இரு பக்கமும் பிரித்துக் கட்டுங்கள், பேட்டரியை அடிப்பக்கம் வையுங்கள். கயிறு இழுத்தால் தானே விட்டுக்கொள்ளும் கொக்கி உள்ளதாக இருக்கட்டும். இயந்திரத்தருகே வேலை செய்பவருக்கும் குழந்தைக்கும் இது உயிர்ப் பாதுகாப்பு.

பட்டையின் சிக்கல் வேறு. அதற்குத் தூரம் தெரியாது, முன்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். காபி குடிப்பதும், போனைக் காதில் வைப்பதும், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதும், மூக்கைச் சொறிவதும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. கையால் பிசைந்து உண்பவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒவ்வொரு கவளத்துக்கும் அதிரும். இதை நிரல் சாமர்த்தியத்தால் முழுதாகத் தீர்க்க முயன்றால் உண்மையான தொடுகையும் தப்பிவிடும். ஒரு பொத்தானை வைத்து, அழுத்தினால் 20 நிமிடம் ஓய்வு என்று எழுதுங்கள். ஓய்வு முடிந்ததும் தானே விழித்துக்கொள்ள வேண்டும். அணைத்துப் போட்ட பட்டையை மறுபடி போட யாருக்கும் நினைவிருக்காது.

அதன்பின் சாய்வு எல்லையை ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதியுங்கள். கன்னம், மூக்கு, கண், மோவாய், நெற்றி ஆகிய ஐந்து இடத்துக்கும் கையைக் கொண்டுபோய், தொடாமல் 2 செ.மீ. முன்னால் நிறுத்தி, மூன்று அச்சு அளவுகளையும் சேமியுங்கள். ஓடும்போது இப்போதைய திசைக்கும் சேமித்த திசைக்கும் கோண வேறுபாடு 25 டிகிரிக்குள் வந்து, தொடர்ந்து 3 அளவுகள் அப்படியே இருந்தால் அதிரட்டும். வினாடிக்கு 50 அளவுகள் என்றால் 3 அளவுக்கு 60 மில்லிவினாடி. அதைவிடக் கூட்டினால் தாமதம். எல்லாருக்கும் பொதுவாக '45 டிகிரிக்கு மேல்' என்று வைப்பதைவிட இது வெகுவாகத் தேவலாம். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும் கையின் உள்ளங்கை வேறு பக்கம் திரும்பியிருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

பட்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் பதிந்ததெல்லாம் வீண். ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தளர்வாகக் கட்டுங்கள், எப்போதும் ஒரே பக்கம் பார்க்க.

தொட்டாலும் அதிரவில்லை

மற்றக் கையால் தொட்டீர்களா? வலக்கையில் பட்டை, இடக்கையால் மூக்கு என்பது மிகச் சாதாரணம். எந்தக் கை அதிகம் போகிறது என்று அரை மணி நேரம் வேறொருவரைக் கவனிக்கச் சொல்லி, அந்தக் கையில் கட்டுங்கள். படுத்த நிலையில் பட்டை பயன்படாது, ஏனென்றால் அது புவியீர்ப்பின் திசையை வைத்துத்தான் கணிக்கிறது. உடல் சாய்ந்தால் முகமும் சாய்ந்துவிடும். படுத்துக்கொண்டு கண்ணைக் கசக்குபவருக்கு இந்தப் பட்டையைக் கொடுக்க வேண்டாம்.

பதக்கத்துக்குப் பக்கவாட்டில் வரும் கை தெரியாது. காது, நெற்றிப்பொட்டு, பிடரி எல்லாம் கூம்புக்கு வெளியே. அவற்றையும் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டாவது சென்சார் வேண்டும். இரண்டும் ஒரே முகவரியில் விழிப்பதால், ஒன்றை எக்ஸ்ஷட் முனையால் அணைத்துவைத்து, மற்றதற்கு வேறு முகவரி கொடுத்தபின் இதை எழுப்ப வேண்டும்.

பகல் வெயிலில் தூர சென்சார் தடுமாறும். அளவோடு வரும் நிலைக் குறியைப் பார்த்து, செல்லாத அளவுகளை விட்டுவிடுங்கள்.

மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது

தூர சென்சார் இடைவிடாமல் அளந்தால் 19 மில்லிஆம்பியர், ப்ரோ மினி 4 அல்லது 5, அதன் சிவப்பு விளக்கு இன்னும் கொஞ்சம். மொத்தம் 25 என்றால் 150-ஐ 25-ஆல் வகுத்து 6 மணி நேரம். விளக்கின் தடையைச் சால்டரால் நீக்குங்கள். 33 மில்லிவினாடி அளந்து 33 ஓய்வு கொடுத்து, ஓய்வில் ப்ரோ மினியையும் தூங்கவிட்டால் 12 மில்லிஆம்பியரில் நிற்கும், ஒரு பகல் முழுதும் தாங்கும். அதற்கு மேல் ஓய்வைக் கூட்டினால் தாமதம் வந்து சேரும். பட்டைக்கு இந்தக் கவலை குறைவு. அதே சில்லில் சுழற்சியை அளக்கும் ஜைரோவை அணைத்து முடுக்கமானியை மட்டும் ஓட்டினால் 3.9 மில்லிஆம்பியர் 0.5-க்கு இறங்கும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரி சுடுகிறது

உடனே கழற்றுங்கள். டிபி4056 பலகை கடையில் வரும்போது 1.2 கிலோஓம் தடையோடு 1 ஆம்பியர் கொடுக்கும்படி இருக்கும். 150 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஏழு மடங்கு அளவு. பலகையில் 'ஆர்3' என்று குறித்த, அல்லது சில்லின் 2-ஆம் காலோடு சேர்ந்த தடையை எடுத்துவிட்டு 10 கிலோஓம் வையுங்கள். 130 மில்லிஆம்பியருக்கு இறங்கும். கழுத்தில் தொங்கும் பொருள் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அணிந்தபடி ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள்.

தோல் அரிக்கிறது

பட்டைக்கடியில் தேங்கும் வியர்வையும் சோப்பும் முதல் காரணம், கொக்கியிலுள்ள நிக்கல் அடுத்தது. இரவில் கழற்றி, பட்டையை மட்டும் கழுவி உலர்த்துங்கள். சுற்றுப்பலகையில் வியர்வை படாமலிருக்க நிறமற்ற நகப்பூச்சு ஒரு பூச்சுப் போடலாம், சென்சார் முகத்தை விட்டுவிட்டு.

எல்லாம் சரியாக அதிர்கிறது, ஆனால் கை நிற்பதில்லை

இது மின்சுற்றுக் கோளாறு அல்ல. 2015-இல் வெளியான சிட்னி ஆய்வு ஒன்றில் 26 மருத்துவ மாணவர்களைக் கவனித்தபோது சராசரியாக மணிக்கு 23 முறை முகம் தொட்டார்கள். அதில் 44 சதவீதம் கண், மூக்கு, வாயின் ஈரப்பகுதி. இத்தனை முறை அதிரும் ஒன்றை உடல் சில நாளில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அதிர்வை நீட்டியோ பலமாக்கியோ பலனில்லை. 150 மில்லிவினாடியில் ஒரு தட்டு, இடைவெளி, இன்னொரு தட்டு என்று வைத்து, அந்த இடைவெளியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மேசையில் ஒரு தாள் வைத்து அரை மணி நேரத்துக்குச் சரியான அதிர்வு, வீண் அதிர்வு, தப்பிய தொடுகை மூன்றையும் கோடு போட்டு எண்ணுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் வீண் என்றால் மேலே உள்ள திருத்தங்களுக்குத் திரும்புங்கள். கையைக் குறை சொல்ல வேண்டாம்.

வீண் அதிர்வு குறைவாக இருந்தும் கை போகிறதென்றால், அதிர்ந்ததும் கை வேறு எதைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் 1973-இல் விளக்கிய பழக்கம் மாற்றும் பயிற்சியில் இரண்டு பகுதிகள் முக்கியம்: தான் செய்வதை உணர்வது, அதற்கு எதிரான அசைவைச் செய்வது. கருவி முதல் பகுதியை மட்டும்தான் செய்கிறது. இரண்டாவது அணிபவருடையது. அதிர்ந்ததும் உள்ளங்கையைத் தொடையில் வைத்து அழுத்துங்கள், அல்லது முஷ்டியை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். முடி பிடுங்குவதோ தோல் கிள்ளுவதோ காயமாகும் அளவுக்குப் போயிருந்தால் இந்தப் பயிற்சி தெரிந்த உளவியல் ஆலோசகரிடம் போங்கள், மேசையில் கோடு போட்ட அந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு.